1987 சைக்கிள் கேம் எங்கே சறுக்கியது? ஆடிக் காற்றில் ராஜபாளையத்துக்கு மிதித்தவர்களுக்குத் தெரியும்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோர சீட் கிடைத்தது. ராஜபாளையத்துக்கு அரை மணி நேரம். வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, கையில் போன். வேறென்ன வேண்டும்?

1987-ல் வந்த ஒரு சைக்கிள் பந்தய கேமை எமுலேட்டரில் திறந்தேன். பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடித்துக்காட்டும் சாப்ட்வேருக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். இன்று சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும். கேமின் பெயர் ‘மில்க் ரேஸ்’. ஒரு சைக்கிள்காரர், நீளமான ஒரு சாலை, குறுக்கிடும் வண்டிகள், ஆங்காங்கே பால் பாட்டில். பஸ் பாதி தூரம் போவதற்குள் அலுத்துவிட்டது.

‘கிராபிக்ஸ் மொக்கை’ என்கிற வகை அலுப்பு கிடையாது இது. பழைய கேம் என்று தெரிந்துதானே திறந்தோம்? என் சந்தேகமே வேறு. இதை உருவாக்கியவர்கள் எதிர்க்காற்றில் ஒரு தடவையாவது சைக்கிள் மிதித்திருப்பார்களா? ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த அதே சாலையில் பள்ளிக்கூட நாட்களில் நான் மிதித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முக்கியமான ஒன்று இந்த கேமில் இல்லை. இல்லை என்பதுகூடப் பரவாயில்லை, தலைகீழாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாலுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

பிரிட்டனில் விவசாயிகளிடம் பாலை வாங்கி விற்க 1933-ல் ‘பால் விற்பனை வாரியம்’ ஒன்றை அமைத்தார்கள். ஏறக்குறைய நம் ஆவின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் குடித்தால் தெம்பு வரும் என்று மக்களுக்குச் சொல்ல அந்த வாரியம் பிடித்த வழி, சைக்கிள் பந்தயம். 1958 முதல் 1993 வரை பிரிட்டனைச் சுற்றிவரும் நெடுந்தூரப் பந்தயத்துக்கு வாரியம்தான் ஸ்பான்சர். அதனால் பந்தயத்துக்கே ‘மில்க் ரேஸ்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. 1987-ல் அதை வென்றவர் மால்கம் எலியட். இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அதே 1987-ல் பந்தயத்தின் பெயரிலேயே கேமை வெளியிட்டது மாஸ்டர்ட்ரானிக் நிறுவனம். மற்ற கம்பெனிகள் கேம் கேசட்டை எட்டு, பத்து பவுண்டுக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தில் 1.99 பவுண்டுக்கு விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனி அது. சிறுவர்கள் பாக்கெட் மணியில் வாங்குகிற சரக்கு. ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64, ஆம்ஸ்ட்ராட், எம்.எஸ்.எக்ஸ். என்று அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கும் இந்த கேம் வந்தது. நான் விளையாடியது ஸ்பெக்ட்ரம் பதிப்பு.

ஆட்டம் எளிமையானது. சைக்கிள்காரரைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். சாலை நகர்ந்துகொண்டே இருக்கிறது. கியர் மாற்றலாம். மிதிக்க மிதிக்கத் தெம்பு குறையும். வழியில் கிடக்கும் பால் பாட்டிலை எடுத்தால் தெம்பு ஏறும். வண்டிகள் மீதும் மற்ற போட்டியாளர்கள் மீதும் மோதாமல் போக வேண்டும்.

(ஸ்பான்சர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்களாக இருந்திருந்தால் பாட்டிலுக்குப் பதில் பால்கோவாதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், தெம்புக்கும் குறைவிருக்காது. ஆனால் அதைத் தின்றுவிட்டு மிதிக்க முடியாது, தூக்கம்தான் வரும்.)

ஸ்பெக்ட்ரம் நம்ம ஊருக்கு வந்ததா?

2ஜி விவகாரத்தில் கேட்ட ஸ்பெக்ட்ரம் இல்லை. 1982 ஏப்ரலில் பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் விற்க ஆரம்பித்த குட்டிக் கம்ப்யூட்டரின் பெயர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். ரப்பர் பட்டன் கீபோர்டு. மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். 16 கே.பி. நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கே.பி. உள்ளது 175 பவுண்டு. 48 கே.பி. என்றால் எவ்வளவு? காலையில் குடும்ப குரூப்பில் வந்து விழும் ‘இனிய காலை வணக்கம்’ படம் ஒன்றே அதைவிடப் பெரியது.

கேம்கள் பாட்டு கேசட்டில் வரும். டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால் கிரீச் கிரீச் என்று ஐந்து நிமிடம் அலறும். அலறி முடித்தால் கேம் தயார். நடுவில் டேப் சிக்கினால் முதலிலிருந்து.

இந்தியாவில் புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் விற்றது. பள்ளிகளுக்கு வேறு வழியில் கம்ப்யூட்டர் வந்தது. மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் 1984-85ல் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். பெருநகரங்களில் சிலருக்கு இந்த நினைவுகள் இருக்கும். எங்கள் பக்கத்தில் வீட்டில் ஹோம் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

எங்களுக்கு வந்தது 90-களின் ‘டிவி கேம்’தான். நின்டெண்டோவின் காப்பிப் பெட்டி, மஞ்சள் கேசட், அதன் மேல் ‘9999 இன் 1’ என்று ஒரு கூசாத பொய். உண்மையில் பத்துப் பதினைந்து கேம்தான் இருக்கும், அதுவே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகள் இருந்தன. அதே காலத்தில் சைக்கிளும் மணி வாடகைதான். சைக்கிள் கடை அண்ணன் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டு விடுவார், ஐந்து நிமிடம் தாமதமானால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கையில் காசு இருந்தால் ஒன்றுதான் கிடைக்கும்: டிவி கேமா, சைக்கிளா?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது ‘ரெட்ரோ’ என்ற பெயரில் நமக்கு வந்து சேரும் ஏக்கம் பெரும்பாலும் பிரிட்டன்காரர்களின், அமெரிக்கர்களின் ஏக்கம். ரப்பர் கீபோர்டைத் தொட்டே பார்க்காதவர்கள் ஸ்பெக்ட்ரம் படம் போட்ட டி-ஷர்ட் போடுகிறோம். தப்பில்லை, போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சின்ன வயதில் அப்பா வாங்கிக்கொடுத்த கேசட், அண்ணனோடு போட்ட சண்டை என்கிற பாசமெல்லாம் நமக்கு இந்த கேமோடு கிடையாது. ஆகவே அது நல்ல கேமா இல்லையா என்பதை நாம் தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லலாம்.

நல்ல கேம் இல்லை.

கிராபிக்ஸைத் திட்டாதீர்கள்

ஸ்பெக்ட்ரம் திரை 256 பிக்சல் அகலம், 192 பிக்சல் உயரம். அதை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம் என்று வைத்திருந்தார்கள். மொத்தத் திரைக்கும் 6,912 பைட் போதும். இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. சைக்கிள்காரர் மரத்தைக் கடக்கும்போது மரத்தின் நிறம் அவருக்கும் ஒட்டிக்கொள்ளும். ‘கலர் கிளாஷ்’ என்று கிண்டல் செய்வார்கள். அது மெஷினின் குணம், கேம் எழுதியவரின் குற்றம் இல்லை.

“கீபோர்டில் சைக்கிள் உணர்வு எப்படி வரும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் அன்றைக்கு முயற்சிகள் நடந்தன. 80-களின் நடுவில் அட்டாரி வெளியிட்ட ‘பேப்பர்பாய்’ ஆர்கேட் மெஷினில் ஜாய்ஸ்டிக்குக்குப் பதிலாக சைக்கிள் ஹேண்டில்பாரையே வைத்தார்கள். வீட்டுப் பதிப்பில் அது போய்விட்டது. 1984-ல் வந்த ‘டேலி தாம்சன்ஸ் டெகாத்லான்’ வேறு வழி பிடித்தது. ஓட வேண்டுமா, இரண்டு பட்டனை மாற்றி மாற்றி வெறித்தனமாகக் குத்து. கை வலித்தது, கீபோர்டுகள் செத்தன.

இதில் எதையும் நான் ‘மில்க் ரேஸ்’ மேல் குற்றமாக வைக்கவில்லை. சொல்லப்போனால் அது பட்டனைக் குத்தச் சொல்லாமல் தெம்பு, கியர் என்று யோசித்ததற்கு ஒரு சபாஷ் போடலாம். சைக்கிள் என்பது வேகத்தைவிடத் தெம்பை நிர்வகிக்கும் விஷயம் என்று புரிந்திருக்கிறது. பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள்.

மீதிப் பாதியில்தான் விழுந்தார்கள். இந்த கேமில் முன்னால் போகும் சைக்கிள்காரர் ஒரு தடை. அவரை ஒதுக்கிக் கடக்க வேண்டும், இல்லையென்றால் மோதுவீர்கள். லாரிக்கும் சக போட்டியாளருக்கும் ஒரே மரியாதைதான்.

நிஜத்தில் முன்னால் போகும் சைக்கிள்காரர் யார் தெரியுமா? உங்களுக்குக் குடை பிடிப்பவர்!

ஆடிக் காற்று சொல்லிக்கொடுத்த பாடம்

ஆடி மாதம் ஆண்டாள் கோயில் தேர். ராஜபாளையத்திலிருந்து நாங்கள் நாலைந்து பேர் சைக்கிளில் கிளம்புவோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போகும்போது ஜாலிதான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வடகிழக்கே இருக்கிறது, ஆடிக் காற்று மலைப்பக்கமிருந்து, தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். 192 அடி ராஜகோபுரம் தூரத்தில் தெரிய ஆரம்பித்தால் அப்புறம் மிதிக்கவே தோன்றாது, அது தானாகவே பெரிதாகிக்கொண்டு வரும்.

திரும்பி வரும்போது தெரியும் சேதி. அம்மியையே நகர்த்தும் காற்று என்று சும்மாவா சொன்னார்கள்? சட்டை பலூன் மாதிரி உப்பும். கண்ணில் மண். பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது. சஞ்சீவி மலை அங்கேயே நிற்கும், பெரிதாகவே ஆகாது.

முதல் வருடம் ஆளாளுக்கு ரோஷமாக மிதித்து, பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். அப்போது கடந்து போனார் ஒரு பெரியவர். கேரியரில் ஏதோ மூட்டை, நிதானமாக மிதித்துக்கொண்டு. எங்களில் ஒருவன் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துக் கத்தினான்: “மாப்ள, இவருக்குப் பின்னாடி வாங்கடா, காத்தே இல்லடா!”

அதற்கு மறு வருடத்திலிருந்து ஒரு ஒழுங்கு தானாக வந்தது. ஒருத்தன் முன்னால், மற்றவர்கள் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக. முன்னால் போகிறவன் களைத்ததும் ஒதுங்கிக் கடைசிக்கு வந்துவிடுவான், அடுத்தவன் முன்னால் போவான். ஏமாற்றுகிறவனும் உண்டு. “டேய், நீ இன்னும் ஒரு தடவைகூட முன்னாடி போகலடா” என்று பஞ்சாயத்து நடக்கும். எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஐரோப்பாவில் கோடிகள் புரளும் பந்தயங்களில் இதைத்தான் ‘டிராஃப்டிங்’ என்ற பெயரில் செய்கிறார்கள் என்பது ரொம்ப நாள் கழித்து டிவியில் டூர் டி பிரான்ஸ் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எவ்வளவு மிச்சமாகும்? ஒரு சின்னக் கணக்கு

சமதளத்தில் சைக்கிள் ஓட்டும்போது நாம் சண்டை போடுவது முக்கியமாக இரண்டோடு. ஒன்று, டயர் தரையில் உருளும் உராய்வு. இது பெரிதாக மாறாது. இன்னொன்று, காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது, எதிரே வரும் காற்று இரண்டு மடங்கு வேகமானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இங்கே வேகம் என்பது நம் வேகமும் எதிர்க்காற்றின் வேகமும் சேர்ந்தது.

தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிள், ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய 100 வாட் உழைப்பு. காற்றே இல்லாவிட்டால் மணிக்கு 20 கி.மீ. போகலாம். முதுகில் 20 கி.மீ. வேகக் காற்று தள்ளினால் 32 கி.மீ. வரை வரும். அதே காற்று முகத்தில் அடித்தால்? மணிக்கு 11 கி.மீ.!

12 கி.மீ. தூரத்துக்கு இது என்ன அர்த்தம் தருகிறது? தேருக்குப் போக 22 நிமிடம், வீடு திரும்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல். அதே சாலை, அதே சைக்கிள், அதே கால்கள்.

இப்போது ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துவிடுவதால் உங்கள் மேல் விழும் காற்றுச் சுமை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். இடைவெளி, வேகம், ஆள் அளவைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். அப்படிக் குறைந்தால் அதே எதிர்க்காற்றில் மணிக்கு 13 கி.மீ.க்கு மேல் போக முடியும். பத்து நிமிடத்துக்கு மேல் மிச்சம். மிச்சம் என்பதைவிட, புளியமரத்தடியில் உட்காராமல் வீடு போய்ச் சேரலாம்.

மேலே சொன்ன மால்கம் எலியட் ஞாபகம் இருக்கிறதா? அவர் கடைசிப் பாய்ச்சலுக்குப் பேர்போனவர். இந்த வகை வீரர்கள் பந்தயத்தின் பெரும்பகுதி மற்றவர்களுக்குப் பின்னால் ஒளிந்து தெம்பைச் சேமித்து, எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால்தான் வெளியே வருவார்கள். அது தந்திரம் இல்லை, அந்த விளையாட்டே அதுதான். யாருக்குப் பின்னால் போவது, எப்போது வெளியே வருவது, யார் முன்னால் போய்க் காற்றைத் தின்பது? சாலைப் பந்தயத்தின் அத்தனை நாடகமும் இந்த மூன்று கேள்விகளில் இருக்கிறது. எலியட் ஜெயித்த பந்தயத்தின் பெயரை வைத்துக்கொண்டு, எலியட் ஜெயித்த விதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது கேம்.

அப்படியானால் தெம்பு எங்கிருந்து வருகிறது? பாட்டிலிலிருந்து. ஸ்பான்சருக்கு அது வசதி. பக்கத்தில் போகும் மனிதனிடமிருந்து தெம்பு வருகிறது என்று காட்டினால் பால் விற்காதே!

“48 கே.பி.யில் இதையெல்லாம் எப்படி அடக்குவது?”

ஐ.டி.யில் இருக்கும் நண்பரிடம் புலம்பியபோது இப்படித்தான் கேட்டார். “1987 பட்ஜெட் கேம்கிட்ட போய் ஏரோடைனமிக்ஸ் கேக்குறியே, நியாயமா?”

நியாயம்தான் என்று நினைக்கிறேன். காற்றைத் துல்லியமாகக் கணக்கிட யாரும் சொல்லவில்லை. மற்ற சைக்கிள்காரர் மேல் மோதினோமா என்று பார்க்க, அவருக்கும் நமக்கும் இடையே எத்தனை பிக்சல் என்பதை எப்படியும் கேம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த எண் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை வைத்து இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அவர் நமக்கு நேர் முன்னால், கொஞ்சம் இடைவெளியில் இருக்கிறாரா? ஆம் என்றால் தெம்பு குறையும் வேகத்தைக் குறை. ஒரு கழித்தல், ஒரு ஒப்பீடு. சில பைட்டுகளில் முடிகிற வேலை. மோதினால் கீழே விழுவோம், ஒட்டிப் போனால் தெம்பு மிச்சம் என்று ஆகியிருந்தால், அதே படங்கள், அதே சாலையோடு ஆட்டமே மாறியிருக்கும். எவ்வளவு நெருங்கலாம் என்ற பயமும் ஆசையும் சேர்ந்து வந்திருக்கும்.

சின்ன மெஷினில் பெரிய யோசனை முடியாது என்பதற்கும் எதிர்ச் சாட்சிகள் இருக்கின்றன. நம் பள்ளிகளுக்கு வந்த அதே பி.பி.சி. மைக்ரோவில், 32 கே.பி. நினைவகத்தில், 1984-ல் ‘எலீட்’ என்ற கேம் எட்டு விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரங்களையும் அடக்கிக் காட்டியது.

அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் டிவி கேம் கேசட்டில் இருந்த ‘எக்ஸைட்பைக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 1984. மோட்டார் பைக் பந்தயம், மொத்தம் 24 கே.பி.தான். அதில் டர்போ பட்டனை அழுத்தினால் பைக் பறக்கும், ஆனால் இன்ஜின் சூடேறும். ரொம்ப சூடானால் வண்டி நின்றுவிடும், ஓரமாக நின்று ஆறவைக்க வேண்டும். தரையில் இருக்கும் அம்புக்குறி மேல் ஓட்டினால் சூடு தணியும். பேராசைப்பட்டால் அடி. ‘மெல்லமா போடா, சூடாயிரும்’ என்று பின்னாலிருந்து நாலு பேர் கத்துவார்கள். மணி வாடகையில் விளையாடிய எட்டாம் வகுப்புப் பையனுக்கும் புரிந்த யோசனை அது. ஒரு மோட்டார் வண்டி எதனால் மோட்டார் வண்டியாக இருக்கிறது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ‘மில்க் ரேஸி’ல் சைக்கிளைப் பற்றி அந்த யோசனை பாதியில் நின்றுவிட்டது.

இன்று ஜிம்மிலோ வீட்டிலோ ட்ரெய்னரில் சைக்கிளை மாட்டி ‘ஸ்விஃப்ட்’ ஓட்டுகிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. இன்னொருவருக்குப் பின்னால் போனால் அதில் மிதிப்பது சுலபமாகும். உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் முதுகு நமக்காகக் காற்றைத் தடுக்கிறது, காற்றே இல்லாத அறையில்! அதைக் கொண்டுவர 2014 வரை காத்திருந்திருக்க வேண்டாம் என்பதுதான் என் வழக்கு.

மாஸ்டர்ட்ரானிக் பக்க நியாயமும் இல்லாமலில்லை. மலிவு விலை, பந்தய சீசனுக்குள் கடைக்கு வந்தாக வேண்டிய சரக்கு. கார் கேம், பைக் கேம் எல்லாம் ‘முன்னால் இருப்பதை ஒதுக்கிக் கட’ என்று ஓடிக்கொண்டிருந்தபோது, அதே அச்சில் சைக்கிளை வார்த்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஏதுமில்லை, பழக்கதோஷம்.

அந்தப் பழக்கதோஷம் கேமோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையின் ஒரு துண்டுதான் நாங்கள் தேருக்குப் போன சாலை. இப்போது தேசிய நெடுஞ்சாலை 744. கேரளா போகும் லாரிகள், குற்றாலம் சீசன் கார்கள், சபரிமலை சீசன் வேன்கள், நூல் மில்களுக்கும் ஊர்களுக்கும் ஆள் ஏற்றும் பஸ்கள். இதற்கு நடுவில் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே கிடைக்கும் அரையடி மண்ணில் சைக்கிள்கள்.

யார் ஓட்டுகிறார்கள்? பாதிப்பேர் 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு சேர்ந்தால் தமிழ்நாடு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. இந்தியாவில் பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றும் வகைத் திட்டம். சைக்கிளைக் கொடுத்தோம், சரி. ஓட்ட இடம் கொடுத்தோமா? சைக்கிள் பாதைகளை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் ‘ஐ.ஆர்.சி. 11’ என்ற வழிகாட்டி இருக்கிறது. எத்தனை அகலம், வண்டிகளிடமிருந்து எப்படிப் பிரிப்பது எல்லாம் அதில் உண்டு. நெடுஞ்சாலையில் மிதிக்கும் பிள்ளைக்கு அது இருப்பதே தெரியாது, தெரிந்தும் பயனில்லை.

சாலையை வடிவமைப்பவரின் கண்ணிலும் சைக்கிள் என்பது அந்த கேமில் வருகிற மாதிரிதான் வருகிறது: போக்குவரத்தின் நடுவே வந்துவிட்ட ஒரு தடை. ஓட்டுநர்களும் அப்படித்தான் பார்க்கிறோம். நானும்தான், கார் ஓட்டும்போது. மூன்று பிள்ளைகள் வரிசையாகப் போனால் ‘ரோட்டை அடைச்சுக்கிட்டு போறானுங்க’ என்று தோன்றுகிறதே தவிர, எதிர்க்காற்றில் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையாகப் போகிறார்கள் என்று தோன்றுவதில்லை. ஹாரன் அடித்தால் வரிசை கலையும். கலைந்தால் ஒவ்வொருவரும் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். களைத்த கால் தள்ளாடும், தள்ளாடும் சைக்கிள்தான் லாரி பக்கம் சாயும்.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. கனரக வண்டிகள் அந்தப் பக்கம் போனால் பழைய சாலையில் நெரிசல் குறையும். அப்போது அந்தப் பழைய சாலையில் இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போகிற அளவுக்கு, தடுப்போடு ஒரு பாதை கேட்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நகராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறையும் உட்கார்ந்து பேசினால் நடக்கிற காரியம். இரண்டு ஊருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பெரும்பாலும் சமதளம், மேலே மலைக்காட்சி. வேறு நாடாக இருந்தால் இதற்கே சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று சொல்லலாம், ஆனால் எனக்கு சுற்றுலாவைவிட அந்த 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள்தான் முக்கியம்.

போனில் தெம்பு தீர்ந்து என் சைக்கிள்காரர் நின்றுவிட்டார். அணைத்துப் பையில் போட்டேன். சாயங்காலம், பள்ளி விட்ட நேரம். பஸ்ஸுக்கு முன்னால் மூன்று சைக்கிள்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ராஜபாளையம் பக்கமாக. முன்னால் போன பெண் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள், சடை காற்றில் நேராகப் பின்னால் பறந்தது. டிரைவர் ஹாரனில் கை வைத்தார். கடைசியில் போனவள் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினாள். முன்னால் போனவள் ஒதுங்கி, மண்ணில் இறங்கி, கடைசிக்கு வந்தாள். இரண்டாவது பெண் முன்னால் போனாள்.